வாசல் கற்றாழை

டீக்கடை அனீஷ் பாலைத் திருப்பி அனுப்பியபோது
நான் நம்பவில்லை.
கேனைச் சாய்த்தேன்: அடியில்
பஞ்சு பஞ்சாய்ப் படிந்திருந்தது.
டோக்கனின் வலது பின்காம்பு
நண்பகல் தண்டவாளம் போலக் கொதித்தது.
தொட்டேன், உதைத்தாள்.
நாலு வருடத்தில் முதல் உதை.

(ரேஷன் வரிசையில் நின்றபோது
கன்றாய் வந்து என் டோக்கனைத் தின்றவள்.
அன்றைக்கு அரிசி போனது,
பெயர் கிடைத்தது.)

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா
உள்ளங்கையில் கறந்து பார்த்தார்.
"ஆரம்பம்தான். முதல்ல இதைப் போடுங்க,
காய்ச்சல் கண்டா ஊசி.
எப்படியும் இந்தப் பாலை யாருக்கும் விக்காதீங்க."
சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
கற்றாழை கால் கிலோ
மஞ்சள் ஐம்பது கிராம்
சுண்ணாம்பு பதினைந்து கிராம்
நாளைக்குப் பத்துத் தடவை
ஐந்து நாள்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை
கணக்குப் போட்டேன்.
மஞ்சள் வீட்டில் இருக்கிறது.
சுண்ணாம்பு, பீடாக்கடை மஸ்தான் தருவார்.
கற்றாழை?
எங்கள் தெருவில் மண்ணே கிடையாது.
சிமெண்டு, அதன்மேல் சிமெண்டு,
நடுவில் சாக்கடை.

தெரு முனையில் நிமிர்ந்தேன்.
வீட்டுக்கு வீடு நிலைக்கு மேலே
கறுப்புக் கயிற்றில் தலைகீழாய்த்
தொங்கிக்கொண்டிருந்தது கால் கால் கிலோவாக,
ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்
ஊரான் கண்ணையெல்லாம் குடித்துக்கொண்டு.

முனிரத்தினம் ஸ்டூல் போட்டு அவரே அவிழ்த்தார்.
"லாரிக்கு இன்னும் ஏழு டியூ கீது,
சீக்கிரம் திருப்பிக் கட்டிடு."
தேசம்மாள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறாள்.
"வெள்ளிக்கிழமை அவுக்க மாட்டேன். நாளைக்கு வா."
திருஷ்டியில் நம்பிக்கை இல்லாத அமலோற்பவம்
பெயிண்ட் டப்பாவில் முகத்துக்கென்று வளர்த்ததில்
இரண்டு மடல் ஒடித்தாள்,
மீதியை எண்ணி வைத்துக்கொண்டாள்.

துறைமுக லாரிகளின் கரி
மடலுக்கு மடல் ஏறியிருந்தது.
மூன்று தரம் கழுவினேன், மூன்றாவது தண்ணீரும் கறுப்பு.
நான்காவதில் பச்சை தெரிந்தது.

அம்மியில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் சிவந்தது.
இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும்.
மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி
முச்சந்தியில் கொட்டுகிற ஆரத்திச் சிவப்பு.
கொட்டாமல் வழித்தெடுத்தேன்.
பீய்ச்சி, கழுவி, தடவி,
மறுபடி பீய்ச்சி, கழுவி, தடவி,
என் பத்து விரல் நகமும் கல்யாண வீடு.

மூன்றாம் நாள் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
தெரு மொத்தமும் இருட்டில் என்னைப் பார்த்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தேசம்மாள் மட்டும்,
"ஒரு வாசல்லயாவது வுட்டு வெச்சிருக்கலாம்ல."
ஈபிக்காரர் கருகிய அணிலை எடுத்துக் காட்டினார்.
அணிலை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்கு எட்டாவது தடவை
செல்போன் வெளிச்சத்தில் தடவும்போதுதான் கவனித்தேன்:
டோக்கன் உதைக்கவில்லை.
எப்போது நிறுத்தினாள் தெரியாது.
நான் எண்ணியது தடவைகளை,
உதைகளை அல்ல.

ஐந்தாம் நாள், கிழிந்த குடையின் கறுப்புத் துணியில்
முதல் பீய்ச்சலில் ஒரு துணுக்கு.
இரண்டாவதில் பால்.
"இன்னும் மூணு நாள்," என்றார் டாக்டரம்மா.
எந்த வாசலிலும் மிச்சம் இல்லை.
மறுநாள் காலை என் வாளியில்
நாலு மடல் கிடந்தது.
பெயிண்ட் டப்பாவில் இப்போது வெறும் தண்டு.
அமலோற்பவம் கேட்டால் ஆடு தின்றது என்கிறாள்.
எங்கள் தெருவில் ஆடு கிடையாது.

பத்தாம் நாள் அனீஷ் ஒரு டம்ளர் காய்ச்சிப் பார்த்தார்.
திரியவில்லை.
"நாளைக்கு ரெண்டு லிட்டர் மட்டும்," என்றார்.
அந்தக் காம்பு மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் சின்னது,
அப்படியே இருக்கும் போல.

வேர்களைத் தூக்கி எறியவில்லை.
ஒவ்வொன்றையும் அதனதன் கயிற்றில்
தலைகீழாகக் கட்டிவிட்டேன்.
முனிரத்தினத்தினுடையது மட்டும் அழுகிப்போயிற்று.
அவர் வாசலில் வெறும் கயிறு ஆடுகிறது.
கீழே போகும்போதெல்லாம் டோக்கன் அண்ணாந்து பார்க்கிறாள்,
எதுவோ இருப்பதைப் போல.